ஆயுத பூஜைக்குக் கழுவிய தொட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் குரும்பலூருக்கு மேற்கே ஒரு மரவள்ளி மாவு ஆலையில் கெமிஸ்டாக வேலை பார்த்தேன். கெமிஸ்ட் என்றால் அந்தப் பக்கத்தில் மருந்துக் கடைக்காரன் என்றுதான் நினைத்தார்கள். தலைவலி மாத்திரை கேட்டு ஆலை வாசலுக்கு வந்தவர்கள் மீது எரிந்து விழுந்திருக்கிறேன். பிறகு நானே மாத்திரை வாங்கி மேஜை டிராயரில் வைக்கவும் தொடங்கினேன். என் சுபாவம் அப்படி. முதலில் கத்துவேன், அப்புறம் செய்வேன்.

என் உண்மையான வேலை கழிவுத் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது. கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, மாவைத் தண்ணீரில் படியவைத்து எடுத்த பிறகு மிஞ்சுகிற தண்ணீர் பார்ப்பதற்கு நீர்மோர் மாதிரி இருக்கும். இரண்டு நாள் தேங்கிவிட்டால் போதும், அந்த நாற்றத்துக்கு ரோட்டில் போகிற பஸ்ஸில் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். ஆலை தொடங்கிய காலத்தில் அதை அப்படியே ஓடையில் விட்டிருக்கிறார்கள். மீன் செத்து மிதந்தது. ஓடையோரத்துக் கிணறுகள் புளித்துப் போயின. ஊர் திரண்டு வந்து ஆலையின் கேட்டைப் பூட்டியது. பேச்சு திருச்சி கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போனது. அதற்கப்புறம்தான் முதலாளி தொட்டி கட்டினார், அதைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூட்டி வந்தார்.

அந்தத் தொட்டியில் எல்லாமே அதற்குள் சுழல்கிற பழுப்புச் சேறுதான். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அந்தச் சேற்றில் குடியிருக்கும். மோட்டார் விசிறி தண்ணீரைக் கிளறிக் காற்றைக் கலந்து கொடுக்க, அவை அழுக்கைத் தின்று பெருகும். அடுத்த தொட்டியில் சேறு அடியில் படிந்து, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அதில் ஒரு பங்கை ஆலையே கிழங்கு கழுவ எடுத்துக்கொள்ளும். மீதி வாய்க்காலில் இறங்கிக் காட்டுக்குப் போகும். சாணிக் கரைசல் ஊற்றி ஊற்றி அந்தச் சேற்றை வளர்த்தெடுக்க எனக்கு ஒரு வருஷத்தின் பெரும்பகுதி பிடித்தது. சீசன் இல்லாத மாதங்களிலும் அதைப் பட்டினி போடக் கூடாது. குவார்ட்டர்ஸில் குளித்து, பாத்திரம் கழுவிய தண்ணீரும் கொஞ்சம் மாவும் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வாய்க்கால் முதலில் போய்ச் சேருகிற நிலம் ஒரு பெண்ணுடையது. அவருக்கு நாற்பது வயது இருக்கும். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காட்டில்தான் கூலி வேலை. அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாக, சர்க்கார் கொடுத்த பட்டாவில், அவருக்கு ஓடையோரம் ஒரு துண்டு நிலம் வந்தது. வந்த மறுவருஷமே ஆலைத் தண்ணீர் அவருடைய கிணற்றைக் கெடுத்துவிட்டது. அதனால் தொட்டித் தண்ணீர் முதலில் அவர் காட்டுக்குத்தான் என்று பேச்சாகியிருந்தது. இரண்டு வருஷம் சோளம் போட்டுப் பார்த்தார். நன்றாக வந்தது. மூன்றாம் வருஷம் துணிந்து சின்ன வெங்காயத்தில் இறங்கினார்.

வெங்காயத்துக்கு விதையும் வெங்காயம்தான். முந்தின வருஷம் அறுவடைக்குப் போன காடுகளில் எல்லாம் கூலியைக் காசாக வாங்காமல் வெங்காயமாக வாங்கி, வீட்டோரம் மூங்கில் தட்டியில் பட்டறை கட்டிச் சேர்த்து வைத்திருந்தார். அந்த வருஷம் மழை இல்லாமல் அவர் கிணற்றிலும் தண்ணீர் இறங்கிவிட்டது. புரட்டாசி முடிகிற நேரத்தில் பட்டறைக்குள் வெங்காயம் முளைவிடத் தொடங்கியது. முளைத்ததை நடாமல் வைத்திருந்தால் சுருங்கி வீணாகிவிடும். நட்டுவிட்டுத் தண்ணீர் இல்லாமல் போனாலும் அதே கதிதான்.

"இந்த வெள்ளாம வூடு வந்து சேரலன்னா மறுபடி கூலிக்குத்தான் சார் போவணும். நெலத்தையும் யாருக்காச்சும் விட்டுட்டுத்தான்," என்று ஒரு நாள் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். அவர் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது. தொட்டித் தண்ணீர் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இந்தச் சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆலையில் ஆயுத பூஜை என்றால் செக்ஷனுக்குச் செக்ஷன் போட்டா போட்டிதான். மெஷினைக் கழுவித் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டுவார்கள். முதலாளி குடும்பத்தோடு வந்து ஒவ்வொரு இடமாகப் பார்த்து, எது ரொம்பச் சுத்தமாக இருக்கிறதோ அந்த செக்ஷனுக்கு ஒரு எவர்சில்வர் குடம் பரிசு கொடுப்பார். அரவையும் பாய்லரும் அதை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் வரும்போது மட்டும் முதலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்றவர்கள் எங்களுக்கு வைத்திருந்த பெயர் சாக்கடை செக்ஷன்.

என்னிடம் இரண்டு ஆபரேட்டர்கள் இருந்தார்கள். ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். இன்னொருவர் புதிதாகக் கல்யாணமானவர், வாய் ஓயாது. இருவருக்கும் தொட்டியின் மேல் அபாரப் பிரியம். ஆலையிலேயே இதுதான் முக்கியமான மெஷின், இது படுத்தால் நாளைக்கே கேட்டை மூடிவிடுவார்கள் என்று நான்தான் அவர்களை உசுப்பேற்றி வைத்திருந்தேன். சேறு உயிருள்ளது என்பதையும் வாய் வலிக்கச் சொல்லியிருந்தேன். பூஜைக்கு நான் திருச்சிக்கு, வீட்டுக்குப் போய்விட்டேன். விஜயதசமி கழிந்து காலை பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கினேன்.

ஆலை வாசலில் ஆபரேட்டர்களில் சின்னவர் எவர்சில்வர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், இந்த வருஷம் ப்ரைஸு நமக்குத்தான் சார்! பாய்லர்காரன் மூஞ்சியப் பாக்கணுமே நீங்க!"

எதற்கு ப்ரைஸ் என்று எனக்குப் புரிய ஒரு நொடிதான் ஆனது. பையைப் போட்டுவிட்டு ஓடினேன். தொட்டிச் சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. அதன் மேல் காவிப் பட்டை. விசிறித் தண்டில் சந்தனம், குங்குமம். நாலு மூலையிலும் வாழைக்கன்று. உள்ளே அடித்தளம் தெரிகிற மாதிரி போர்வெல் தண்ணீர், அதன் மேல் சாமந்திப் பூ மிதந்துகொண்டிருந்தது. பழுப்புச் சேற்றை ஒரு சொட்டு விடாமல் பம்பு வைத்து இறைத்துவிட்டு, ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேங்காய் நாரால் தொட்டியைத் தேய்த்திருக்கிறார்கள். அவ்வளவு அழகான சாவை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

"எங்கய்யா சேறு?"

"அழுக்கு பூரா எடுத்தாச்சு சார். மேட்டுல கொட்டிக் காய வெச்சிருக்கோம்," என்றார் சின்னவர். அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது.

"அது உயிருன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

பெரியவர்தான் பதில் சொன்னார். "உசுருள்ளதுன்னு நீங்க சொன்னதாலதான் சார். மாட்டையே வருஷத்துக்கு ஒருக்கா தேச்சுக் குளுப்பாட்டிப் பொட்டு வெக்கிறோம். நல்ல நாளும் அதுவுமா இத அழுக்கோட எப்படி வுடறது?"

நான் போட்ட சத்தத்தில் பாய்லர் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. சின்னவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டார். பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். மேட்டில் கொட்டிய சேற்றைப் போய்ப் பார்த்தேன். புரட்டாசி வெயிலில் அது காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதற்கு மேல் கத்துவதற்கு என்னிடம் தெம்பு இல்லை. அந்தப் பெண்ணின் பட்டறைதான் கண்ணுக்குள் நின்றது.

செய்தி என்னை முந்திக்கொண்டு போயிருந்தது. மத்தியானமே அவர் வந்துவிட்டார். தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தானே சார் இருக்கு, பூவெல்லாம் போட்டு," என்றார். அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, "உறைமோர் சட்டியைக் கழுவிக் கவுத்துட்டாங்கம்மா. இனிமே எவ்வளவு பால் ஊத்தினாலும் தயிர் ஆகாது," என்றேன். அது அவருக்கு உடனே புரிந்தது.

"அப்ப பக்கத்து வூட்டுல போயிக் கொஞ்சம் ஒற மோரு வாங்கிட்டு வர வேண்டியதுதானே சார்?"

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்கு முன்னால் மேனேஜரைப் பார்க்க வேண்டியிருந்தது. நல்ல மனிதர்தான். ஆனால் கிழங்கு லாரி வரப்போகிறது என்றால் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. அந்தப் பெண்ணும் கூடவே வந்து கதவோரம் நின்றுகொண்டார்.

"ரெண்டு மூணு வாரம்தானே? ஓடையில விட்டுட்டுப் போங்க. அதுக்குள்ள நீங்க உங்க சேத்தை வளத்துக்குங்க," என்றார் மேனேஜர். "அந்த ரெண்டு பேரையும் கணக்கு முடிச்சு இன்னைக்கே அனுப்பிடறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "ஓடையில வுட்டா அது நேரா என் கேணிக்குத்தாங்க வரும். போன தடவ வந்துச்சுங்களே."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் விடவில்லை. "அவங்க ரெண்டு பேரையும் அனுப்பாதீங்க. புதுசா வர்றவனும் அடுத்த பூசைக்குக் கழுவத்தான் செய்வான். இவங்கன்னா இனிமே தலையே போனாலும் அதுல கை வெக்க மாட்டாங்க."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைச் சாக்காக வைத்து நான் என் யோசனையைச் சொன்னேன். ஆலையை ஒரேயடியாக நிறுத்தி வைப்பதிலும் பிரயோஜனம் இல்லை. ஆலை ஓடாவிட்டால் கழிவு இல்லை, கழிவு இல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் காட்டுக்குத் தண்ணீரே இல்லை. அதனால் முதலில் ஒரு லாரி, இரண்டு லாரி என்று கொஞ்சமாக அரைப்பது. வருகிற கழிவை ஆலைக்குப் பின்னால் இருந்த பழைய குழியில் தேக்கிவைத்து, சேறு தாங்குகிற அளவுக்கு மட்டும் தொட்டிக்கு விடுவது. மேனேஜர் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் சரி என்றார்.

உறைமோர் அரியலூரில் இருந்தது. அங்கே ஒரு பெரிய ஆலையின் குடியிருப்பில் கக்கூஸ் தண்ணீரைச் சுத்தம் செய்ய எங்களுடையதைப் போலவே ஒரு தொட்டி வைத்திருந்தார்கள். டேங்கர் லாரியில் நானும் இரண்டு ஆபரேட்டர்களும் போனோம். வாசலில் வாட்ச்மேன் மறித்தார்.

"என்ன ஏத்திட்டுப் போக வந்திருக்கீங்க?"

"சேறு."

"எங்க சேறா?" அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "அத எடுத்துட்டுப் போகவா பெரம்பலூர்லேருந்து லாரி போட்டுட்டு வந்தீங்க? தாராளமா எடுத்துக்குங்க, கேக்கவே வேணாம்."

தொட்டியைப் பார்த்ததும் சின்னவர் தயங்கினார். அது எதிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் வாளியை மொண்டார். அதன் பிறகு சின்னவரும் இறங்கினார். திரும்பும்போது பெரம்பலூர் கடைத்தெருவில் லாரி நின்று நின்றுதான் நகர்ந்தது. ஜனங்கள் முந்தானையாலும் துண்டாலும் மூக்கை மூடிக்கொண்டு எங்களைத் திட்டினார்கள். வாய் ஓயாத சின்னவர் அன்றைக்கு வழி முழுக்கப் பேசவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சேறு எங்கிருந்து வந்தது என்பதை அந்தப் பெண்ணிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் காட்டில் பாயப் போகிற தண்ணீர். அவர் வேண்டாமென்றால் வேறு வழி பார்க்க வேண்டும். "எருவுதானே சார். காட்டுக்குப் போறதெல்லாம் எங்கேருந்து வருதாம்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் காத்திருப்புதான். இரண்டு ஆபரேட்டர்களும் ஊருக்குள் வீடு வீடாகப் போய்ச் சாணி கேட்டு வாங்கி வந்து கரைத்து ஊற்றினார்கள். குழித் தண்ணீரைக் குழந்தைக்குப் பால் புகட்டுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்குக் காட்டினோம். சாயங்காலம் கூலி வேலை முடிந்து அந்தப் பெண் நேராக ஆலைக்கு வருவார். மடியில் ஒரு வெங்காயம் இருக்கும். அன்றன்றைக்குப் பட்டறையிலிருந்து எடுத்துக்கொண்டு வருவது. நான் தொட்டித் தண்ணீரை நீளமான கண்ணாடி ஜாடியில் மொண்டு மேஜையில் வைப்பேன். சேறு பிழைத்திருந்தால் அரைமணி நேரத்தில் கீழே படிந்து, மேலே தெளிவு தெரிய வேண்டும். அவர் வெங்காயத்தை ஜாடிக்குப் பக்கத்தில் வைப்பார். இரண்டையும் பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருப்போம். ஜாடி கலங்கியே இருந்தது. வெங்காயத்தின் பச்சை முளை மட்டும் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது.

ஐப்பசி பாதி கழிந்தும் வானம் வெளுத்துக் கிடந்தது. அவர் கொண்டு வந்த வெங்காயத்தை அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கியது. எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. வேலைக்காரர்கள் மேல் எரிந்து விழுவதைக்கூட நிறுத்திவிட்டேன். அதைப் பார்த்து, எனக்கு உடம்பு சரியில்லை என்று ஆலையில் பேசிக்கொண்டார்களாம்.

ஒரு சாயங்காலம் ஜாடியை வைத்துவிட்டு வேறு ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது சேறு திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாகப் பிரிந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஒரு விரல் உயரத்துக்கு வெளிச்சம் ஊடுருவியது. அந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெளிஞ்சிருக்கா சார்? இல்ல, ஆசையில எனக்கு அப்புடித் தெரியுதா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு வெளியே போய்த் தொட்டிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த பிறகுதான் நான் நம்பினேன். நானும் கொஞ்சம் அழுதேன்.

ஆனாலும் உடனே தண்ணீரைத் திறந்துவிட எனக்குத் துணிவு வரவில்லை. முறையான சோதனைக்கு இன்னும் சில நாள் வேண்டும். அந்த நாட்களை வெங்காயம் தாங்காது. "ஒரு பாத்திக்கு மட்டும் வுடுங்க சார். அது நின்னுச்சுன்னா மிச்சத்தை நடறேன்," என்று அவரே ஒரு வழி சொன்னார். அந்த ஒரு பாத்தியை நானும் ஆபரேட்டர்கள் இருவருமாக முறை போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தோம். தாள் கருகாமல் நிமிர்ந்து நின்றது. சோதனையும் தேறியது. வாய்க்கால் மடையை முழுக்கத் திறந்தோம்.

பட்டறையைப் பிரித்தபோது கால் பங்கு வெங்காயம் சுருங்கிப் போயிருந்தது. அதைத் தனியாகக் குவித்து வைத்துவிட்டு, தேறினதை அன்றைக்கே நட்டாக வேண்டும். ஆபரேட்டர்கள் இருவரும் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல், மனைவிமார்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். நானும் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினேன். நான் நட்ட வரிசையைப் பார்த்து, "சார் தலகீழா ஊனுறாரு," என்று பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவர் மட்டும் மடை வாயிலேயே நின்று, வருகிற தண்ணீரில் ஒரு சருகு இல்லாமல் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பெண்ணிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பெண்ணும் தொட்டி கழுவிய கதையைப் பிறகு எடுத்ததே இல்லை.

பொங்கல் கழிந்து வெங்காயத் தாள் சாய்ந்து, அறுவடைக்குப் பதமானது. ஒரு நாள் பகல் ஷிப்ட் விடுகிற நேரத்தில் அவர் ஆலை வாசலுக்கு வந்து, சின்னவரின் மனைவியும் இன்னும் சில பெண்களும் பேசிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். என்னவோ சொல்ல வந்தவர் சொல்லாமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"என்ன யக்கா?"

"நாளைக்கு..." என்று ஆரம்பித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னார். "நாளைக்கு என் காட்டுல வெங்காயம் புடுங்க ஆளு வேணும்."

அந்த வாக்கியத்தை அவர் பிறந்ததிலிருந்து அடுத்தவர் வாயில்தான் கேட்டிருக்கிறார். கேட்டருகே நின்றிருந்த என் காதிலும் அது விழுந்தது.

"எத்தன ஆளு யக்கா வேணும்?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. "வர்றவங்கல்லாம் வாங்க," என்றார்.

மறுநாள் காலை நானும் போனேன். பெண்கள் வரிசை பிடித்து உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றார். நிலத்துக்காரர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

"மொதலாளியம்மாவுக்குக் கால் வலிக்கும்டி, யாராச்சும் ஒரு நாக்காலி கொண்டாந்து போடுங்க!" என்று ஒருத்தி கத்த, காடே சிரித்தது. அவரும் சிரித்தார். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார். இரண்டும் சரிப்பட்டு வரவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் சேலையை வரிந்து செருகிக்கொண்டு பாத்திக்குள் இறங்கி, இரண்டு பெண்களுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

"நிக்கத் தெரியல சார்," என்றார் என்னைப் பார்த்து.

அன்றைக்கு அவர் பிடுங்கிய வரிசைதான் முதலில் முடிந்தது.